பென்ஷனில் கை வைத்தால் எந்தக் கதவைத் தட்டுவது? கேரளத்தின் சித்தூர் தாலுக்காவிலிருந்து ஓர் ஒப்பீடு

"கிராஜுவிட்டியில 1,86,000 ரூபாய் பிடிக்கிறதா ஆர்டர் வந்திருக்கு தம்பி. மேலே மனு எழுதிப் போடவா, வக்கீலைப் பார்க்கவா?"

வண்ணாமடைப் பக்கம் ஓர் அரசுத் தமிழ்ப் பள்ளியில் 31 வருஷம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது இது. கிராஜுவிட்டி என்பது ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடை. நான் கேரள அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஜூனியர் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று இந்த எல்லைப் பக்கத்திலிருந்து இதே கேள்வியோடு அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள். நமக்கு வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கோர்ட்டில் இங்கிலீஷ். பொள்ளாச்சிக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். ஆனால் நம் வழக்கைக் கேட்கும் இடம் எர்ணாகுளத்திலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது உரிமை என்று சொன்னது. 1982 டிசம்பர் 17-ல் வந்த நகாரா வழக்குத் தீர்ப்பு அதை இன்னும் உறுதியாக்கியது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2013-ல் ஜார்க்கண்ட் மாநில வழக்கில், பென்ஷன் அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு காக்கும் சொத்து, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வெறும் நிர்வாக உத்தரவால் அதைப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. கூனிக் குறுகி மனு எழுத வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, குறை என்ன வகை. பணம் தாமதமா, குறைவாகக் கணக்குப் போட்டார்களா, ஏற்கனவே வாங்கியதைத் திரும்பக் கேட்கிறார்களா? மூன்றும் மூன்று வழி.

இரண்டாவது, நீங்கள் போகிற இடத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் உண்டா, சிபாரிசு மட்டும்தானா.

மூன்றாவது, கெடு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நான்காவது, செலவு. வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல. ரயில், சாப்பாடு, கூட வரும் ஆளின் ஒரு நாள் கூலி, தமிழ் மலையாளக் காகிதங்களை இங்கிலீஷில் மொழிபெயர்க்கிற காசு எல்லாம் இதில் சேரும்.

ஐந்தாவது, நீங்கள் யாருடைய ஊழியராக இருந்தீர்கள் என்பது. கேரள அரசு, எய்டட் பள்ளி (அரசு உதவி பெறும் தனியார் பள்ளி), தமிழ்நாடு அரசு, ரயில்வே என்று ஆளுக்கு ஆள் வாசல் மாறும்.

துறை நடவடிக்கையோ கோர்ட் வழக்கோ நிலுவையில் இருக்கும்போதே ஓய்வு பெற்றவர்களுக்குக் கணக்கு வேறு. கே.எஸ்.ஆர். எனும் கேரள சர்வீஸ் விதிகளின் மூன்றாம் பாகத்தில் 3ஏ விதிப்படி அவர்களுக்குத் தற்காலிக பென்ஷன் வரும். கிராஜுவிட்டி முடிவு தெரியும்வரை நிற்கும். 2013 ஏப்ரல் 1 முதல் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பவர்களின் சிக்கல்களும் வேறு. இந்த ஒப்பீடு பழைய பென்ஷன்காரர்களுக்கானது.

## துறைக்கே மனு

செலவே இல்லாத வழி. எல்பிசி (கடைசிச் சம்பளச் சான்று) வரவில்லை, ஏதோ ஓர் ஆபீஸ் பாக்கியில்லாச் சான்று அனுப்பவில்லை, சர்வீஸ் புக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி என்ற சிக்கல்கள் இதிலேயே தீரும். பெயர்ச் சிக்கல் நம் பக்கம் ரொம்ப அதிகம். தமிழில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவோம். பதிவேட்டில் எழுதியவர் வீட்டுப் பெயரைச் சேர்த்திருப்பார். இதற்கெல்லாம் கோர்ட் தேவையில்லை.

தமிழிலேயே எழுதலாம். 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று சொல்கிறது. மலையாளத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேடி ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு, காலம். என் கதையையே சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் என் கிராஜுவிட்டி 14 மாதம் நின்றது. பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம் சான்று அனுப்பவில்லை என்பதுதான் காரணம். நான் ஐந்து நினைவூட்டல் எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதும்போது வழக்கு போடும் காலமும் கூடவே நீள்கிறது என்று நம்பினேன். அது தப்பு. திரும்பத் திரும்ப மனு கொடுப்பதால் கெடு நீளாது என்று 1989-ல் எஸ்.எஸ். ரத்தோர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் ஃபைல் பார்த்த எனக்கே அது தெரியாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

ஆகவே ஒரே மனு, தெளிவான மனு. உத்தரவின் எண், தேதி, எந்தத் தொகை, என்ன கேட்கிறீர்கள், இவை மட்டும் போதும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதை மனு நகலின் பின்னால் ஒட்டி வையுங்கள். பதில் வராவிட்டால், நாளைக்குத் தீர்ப்பாயத்தில் கெடுவைக் கணக்கிடுவது அந்தத் தேதியை வைத்துத்தான்.

## தகவல் உரிமைச் சட்டம்

இது குறைதீர்க்கும் இடமல்ல. உத்தரவு எதுவும் கிடைக்காது. ஆனால் மற்ற எல்லாக் கதவுக்கும் சாவி இதுதான். 10 ரூபாய், 30 நாள். பதில் வராவிட்டால் இன்னொரு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். காகிதத்தைக் கேளுங்கள்: சர்வீஸ் புக்கின் இந்தப் பக்கங்களின் நகல், ஆடிட் ஆட்சேபத்தின் நகல், என் ஃபைல் எந்தத் தேதியில் எந்த இருக்கைக்குப் போனது என்ற விவரம், இந்த மாதிரி.

ஒரு நுணுக்கம். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏ.ஜி. ஆபீஸ் (மாநிலக் கணக்காயர் அலுவலகம்) மத்திய தணிக்கைத் துறையைச் சேர்ந்தது. அங்கே அந்த ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும்.

டீச்சர் விஷயத்தில் இந்த 10 ரூபாய்தான் வழியைக் காட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

## அதாலத்தும் இலவச சட்ட உதவியும்

சித்தூரில் தாலுக்கா சட்ட சேவைக் குழு உண்டு. வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பு அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை, முடிந்தால் முடிந்ததுதான்.

ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடிவு வரும். அரசுப் பணத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம், வந்து உட்காருகிற அதிகாரிக்குப் பெரும்பாலும் இருக்காது. "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விடுவார். தாமதம், காகிதம் காணவில்லை என்பவற்றுக்கு அதாலத் நல்லது. பணத்தைப் பிடிக்கும் உத்தரவை ரத்து செய்ய வேண்டுமானால் அங்கே மாதங்களைக் கழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சட்ட சேவைக் குழுவை வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வையுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 1987-ம் ஆண்டுச் சட்டம் அப்படி. டீச்சருக்கே இது தெரியாது. "எனக்குப் பென்ஷன் வருதே, இலவசமா எப்படிக் குடுப்பாங்க?" என்று கேட்டார். கொடுப்பார்கள், உரிமை அது.

## கேரள நிர்வாகத் தீர்ப்பாயம்

கேரள அரசு ஊழியராக இருந்தவருக்கு, பிடித்த உத்தரவையோ குறைத்த கணக்கையோ ரத்து செய்யும் அதிகாரமுள்ள முதல் இடம் இதுதான். 2010-ல் தொடங்கியது. தலைமையிடம் திருவனந்தபுரம், எர்ணாகுளத்தில் ஒரு அமர்வு. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, துறைக்குள் இருக்கும் வழியை முதலில் முடித்திருக்க வேண்டும். மனுவுக்கு ஆறு மாதம் பதில் இல்லையென்றால் முடித்ததாகவே கொள்ளலாம். இன்னொன்று கெடு. பதில் வந்தால் அன்றிலிருந்து ஒரு வருஷம். வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஒரு வருஷம். 2023 ஏப்ரல் 2-ல் மனு கொடுத்து பதிலே இல்லை என்றால், அக்டோபர் 2 வரை காத்திருப்பு, 2024 அக்டோபர் 2 வரை கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி உட்காரக் கூடாது.

திரும்பப் பிடிக்கும் வழக்குகளில் நம் பக்கம் சட்டம் பலமாக இருக்கிறது. 2014-ல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தப்பாகக் கூடுதலாய்க் கொடுத்த சம்பளத்தை யார் யாரிடம் பிடிக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்கள். ஓய்வு பெற்றவர்கள், ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள். ஐந்து வருஷத்துக்கு மேலாகக் கொடுத்து வந்த தொகை ஆகியவை அதில் உண்டு. 2022 மே மாதம் வந்த தாமஸ் டேனியல் வழக்கு நம் மாநிலத்தது. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர் அவர். ஊழியர் ஏமாற்றியோ தவறான தகவல் கொடுத்தோ வாங்காத பணத்தை, ஓய்வுக்குப் பிறகு பிடிப்பது சரியல்ல என்று தீர்ப்பானது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், "கூடுதலாக வந்தது தெரிந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று அதே நீதிமன்றம் சொன்னது. சம்பள உயர்வு நிர்ணயிக்கும்போது நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம். அப்படி ஒரு உறுதிமொழி உங்கள் ஃபைலில் இருக்கிறதா என்று தெரியாமல் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள்.

அந்த 10 ரூபாய் தகவல் உரிமை விண்ணப்பத்தில் டீச்சரின் சர்வீஸ் புக் நகல் வந்தபோது மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம். 2006-ம் வருஷப் பக்கத்தில் நீல மையில் ஒரு இன்கிரிமென்ட் பதிவு. பக்கத்தில் சிவப்பு மையில் ஆடிட்காரர் போட்ட குறுக்குக் கோடு. அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் அவர் விரலை வைத்து, "இது நான் எழுதினது இல்லையே தம்பி, அவங்க எழுதினதுதானே" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் வழக்கின் சாரம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினோம். உறுதிமொழி எதுவும் இல்லை. அதன்பிறகுதான் எர்ணாகுளம் போகலாம் என்று சொன்னேன்.

மறைந்த செலவு: ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை, வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் அரசுத் தரப்பு பதில் மனு போட அவகாசம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் மனுவோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள். இல்லையென்றால் வழக்கு நடக்கும்போதே பணம் பிடிபட்டுவிடும். ஜெயித்த பிறகும் பணம் வராவிட்டால், அவமதிப்பு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே உண்டு.

## உயர் நீதிமன்றம்

கேரள அரசு ஊழியர் நேரே இங்கே வர முடியாது. 1997-ல் எல். சந்திரகுமார் வழக்கு, முதலில் தீர்ப்பாயம், அதன் உத்தரவை எதிர்த்துத்தான் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு என்று வரிசை போட்டுவிட்டது. எய்டட் பள்ளி ஆசிரியர்கள் விஷயம் வேறு. அவர்கள் தீர்ப்பாயத்தின் வரம்பில் வருவதில்லை. கொச்சியில் உள்ள உயர் நீதிமன்றம்தான் அவர்கள் இடம். இது தெரியாமல் தீர்ப்பாயத்தில் போட்டுவிட்டு, வரம்பில்லை என்று மனு திரும்பி வந்தால் அலைச்சலும் காலமும் வீண்.

தமிழ்நாட்டில் 1988-ல் தொடங்கிய நிர்வாகத் தீர்ப்பாயம் பிறகு மூடப்பட்டது. அதனால் அங்கே வேலை பார்த்தவர்கள் நேராக உயர் நீதிமன்றம் போகலாம். கோயம்புத்தூர் மாவட்டத்துக்குச் சென்னை. தேனி, தென்காசி, குமரிக்கு மதுரைக் கிளை. அதற்குமுன் கலெக்டர் ஆபீசில் நடக்கும் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்தில் ஒருமுறை மனு கொடுத்துப் பார்ப்பது நல்லது.

ரயில்வே, தபால் துறைக்காரர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்; அதன் அமர்வு எர்ணாகுளத்தில் இருக்கிறது.

எல்லையில் இருக்கும் நமக்கு 2020-ல் வந்த சாந்தி தேவி வழக்கு முக்கியம். ஜார்க்கண்டில் நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்து, பீகாரில் உள்ள தர்பங்காவில் குடியேறியவரின் பென்ஷன் நின்றுபோனது. பென்ஷன் வந்துகொண்டிருந்த ஊரிலும் வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி எழுகிறது, ஆகவே பாட்னா உயர் நீதிமன்றம் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பொள்ளாச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கொழிஞ்சாம்பாறை வங்கியில் பென்ஷன் வாங்குகிறவர் கொச்சியில் வழக்கு போட இதைக் காட்டலாம். இருந்தாலும் என் யோசனை, ஃபைல் இருக்கும் மாநிலத்திலேயே போடுங்கள். அங்குள்ள அரசு வக்கீலுக்குத்தான் அந்த ஆபீசைக் கூப்பிட்டு ஃபைலை வரவழைப்பது சுலபம். நடக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு மட்டும் பக்கத்து கோர்ட் சரி.

## நுகர்வோர் மன்றம்

டீச்சரின் அண்ணன், "கன்ஸ்யூமர் கோர்ட்ல போட்டா சீக்கிரம் முடியும்" என்றார். முடியாது. அரசு ஊழியர் ஓய்வுக்காலப் பலன்களுக்காக அங்கே போக முடியாது என்று 2013-ல் ஜக்மித்தர் செயின் பகத் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பி.எஃப். நிறுவனத்தின் கீழ் வரும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் மில் தொழிலாளர்களுக்கும் அந்த மன்றம் உண்டு; அரசுப் பென்ஷன்காரருக்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | உத்தரவு போடும் அதிகாரம் | கெடு / காலம் | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| துறைக்கு மனு | துறைக்கே உண்டு | ஆறு மாதம் பதில் இல்லையேல் அடுத்த படி | நினைவூட்டலிலேயே கெடு கழிவது | தாமதம், சான்று, பெயர்ப் பிழை |
| தகவல் உரிமை | இல்லை | 30 நாள் | தப்பான கேள்வி கேட்டால் வெறும் பதில் | எந்த வழக்குக்கும் முன்னால் |
| லோக் அதாலத் | இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் | நிர்ணயமில்லை | அதிகாரி ஒத்துக்கொள்ளாமல் மாதங்கள் போவது | சின்னத் தொகை, காகிதச் சிக்கல் |
| நிர்வாகத் தீர்ப்பாயம் | உண்டு | இறுதி உத்தரவிலிருந்து ஒரு வருஷம் | மொழிபெயர்ப்பு, அரசுத் தரப்பு அவகாசம் | கேரள அரசு ஊழியர்: பிடித்தம், கணக்குக் குறைவு |
| உயர் நீதிமன்றம் | உண்டு | நியாயமான காலத்துக்குள் | வக்கீல் கட்டாயம்போல் ஆகிவிடும் | எய்டட் ஆசிரியர், தமிழ்நாடு ஊழியர் |
| நுகர்வோர் மன்றம் | இல்லை | – | போட்டதே வீண் | அரசுப் பென்ஷனுக்கு எப்போதும் வேண்டாம் |

## உங்கள் நிலைமைக்கு எது

பணம் தாமதம் மட்டும்தான் என்றால் மனுவும் தகவல் உரிமையும் ஒரே நாளில் போடுங்கள். மனுவில் வட்டியையும் கேளுங்கள். 1984 டிசம்பரில் பத்மநாபன் நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தக் கேரளாவைப் பற்றித்தான். 1973 மே மாதம் ஓய்வு பெற்றவருக்கு 1975 ஆகஸ்டில்தான் பணம் கிடைத்தது. எல்பிசி போகவில்லை என்பது காரணம். குற்றமான தாமதத்துக்கு வட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசின் மனுவைத் தள்ளினார்கள். கேட்காத வட்டி தானாக வராது. என் 14 மாதத்துக்கு நான் கேட்கவில்லை, வரவும் இல்லை.

பென்ஷனைக் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தால், ஒவ்வொரு மாதமும் அந்தத் தப்பு தொடர்கிறது என்று கோர்ட் பார்க்கும். அதனால் பல வருஷம் கழித்தும் வழக்கு எடுபடலாம். ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கு, பாக்கித் தொகை வழக்கு போட்டதற்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும் என்று எல்லை கட்டியது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷத்துப் பாக்கியைத் தின்கிறது.

திரும்பப் பிடிக்கும் உத்தரவு என்றால் காத்திருக்கவே வேண்டாம். ஒரு மனு, ஒரு தகவல் உரிமை விண்ணப்பம், உறுதிமொழி இருக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் நேரே தீர்ப்பாயம். பிடித்தம் உடனே நடக்கப்போகிறது என்றால் ஆறு மாதம் வரை காத்திருக்க முடியாது என்பதை வக்கீலிடம் சொல்லுங்கள். அவசர நிலையில் வேறு வழியில்லை என்று காட்டி முன்னதாகவே போவதுண்டு. தொகை பத்து, பதினைந்தாயிரம்தான் என்றால் வக்கீலிடம் மொத்தச் செலவையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். இலவச வக்கீலுக்குத் தகுதி இருந்தால் தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

டீச்சருக்கு முதலில் இடைக்காலத் தடை கிடைத்தது. பிடித்த உத்தரவு பிறகு ரத்தானது; கிராஜுவிட்டி முழுசாக வந்தது. வந்த அன்று சித்தூர் டிரஷரியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, மஞ்சப்பையிலிருந்து அந்தச் சீல் வைத்த மனு நகலை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரம் நைந்து, ரசீது ஒட்டிய பசை மஞ்சளாகிப் போயிருந்தது. "இதை இனித் தூக்கிப் போடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் டீச்சர், பென்ஷன் ரிவிஷன் வரும், பின்னால் யாராவது குடும்ப பென்ஷனுக்குக் கேட்கும்போதும் இதே காகிதம்தான் வேண்டும், பையிலேயே இருக்கட்டும் என்றேன்.